பூட்டிய வீடுகளின் தெருவுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே நம்பிக்கை வர என்ன வழி?

காரைக்குடிப் பக்கத்துக்காரி:
எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் முகப்புக் கதவு திறக்கும். பெருக்கி, விளக்கேற்றிப் பார்த்துக்கொள்வது என்னைப் போன்றவர்கள். போன மாதம் ஒரு வீட்டுப் பின்கட்டிலிருந்து பித்தளை அண்டாக்களும் தேக்குக் கதவு ஒன்றும் களவு போயின. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர் புகார் கொடுக்கவே அஞ்சுகிறார். "முதலில் உன்னைத்தானே பிடிப்பார்கள்" என்று அவர் பிள்ளைகள் தடுக்கிறார்கள். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியை நகைத் திருட்டு விசாரணைக்கு அழைத்துப் போனார்கள், உயிரோடு திரும்பவில்லை. அதுவும் எங்கள் சிவகங்கை மாவட்டம்தான். இந்தப் பயத்தோடு எப்படிப் படியேறுவது?

ஓய்வுபெற்ற ஏட்டு:
அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நான் ரோந்துப் பட்டா புத்தகக் காலத்து ஆள். ரோந்து போகிறவர் அந்தந்த இடத்துப் புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்காகவே போனாலும், எந்த வீட்டுச் சாவி யாரிடம், பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த முகத்தை எடுத்த எடுப்பில் சந்தேகப்பட மனம் வராது. களவு நடந்த பிறகு பழக முடியாது, முன்பே பழக வேண்டும். வீடு பூட்டியிருக்கிறது, இன்னார் பார்த்துக்கொள்கிறார் என்று உரிமையாளரே நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். உங்கள் பகுதி ரோந்துக் காவலர் யார் என்று கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது அவர் பகலில், அவசரமில்லாமல் தெருவுக்கு வரட்டும்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். 60 வயதைக் கடந்த ஆணுக்கும் இதுவே சட்டம். அச்சப்படுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இராமநாதபுரத்தான்:
பொதுமக்கள் போலீசுக்குத் துணையாக இருக்கும் காவல்துறை நண்பர்கள் குழு 1993-ல் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. சாத்தான்குளம் போலீஸ் காவல் மரணங்களுக்குப் பின் 2020-ல் அரசு அதைத் தடை செய்தது. தெருவின் ஆளாக இருக்க வேண்டியவர் போலீசின் ஆளாகிவிட்டால் ஊர் அவரை நம்பாது. குழு அமைத்தால் இதை மறக்க வேண்டாம்.

காரைக்குடிப் பக்கத்துக்காரி:
ஏட்டையா, சிங்கப்பூர் ஆச்சியிடம் இன்றே கடிதம் கேட்கிறேன். என் பெயரோடு தோட்டக்காரர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன், அவரைத்தான் எவரும் கணக்கில் வைப்பதில்லை. புகாருக்கு நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்தே போகிறோம்.