குளிசை போட்டு ரத்தம் நிக்குதில்ல, ஆசுப்பத்திரிக்குப் போனா பொலிஸ் பிடிக்குமோ?

மல்லாவிப்பிள்ளை:
தெரிஞ்ச அக்கா ஒராள், மனுசன் இல்ல, ரெண்டு பிள்ளையளோட தனிய இருக்கிறா. ஆரோ குடுத்த குளிசையப் போட்டு வயித்தில தங்கின கருவக் கலைச்சிருக்கிறா, பேரும் தெரியா எத்தினை எண்டும் தெரியா. முந்தநாளில இருந்து ரத்தம் போகுது, இண்டைக்கு நடுக்கத்தோட காய்ச்சலும். ஆசுப்பத்திரிக்கு வாங்கோ எண்டா அழுறா, என்னைப் பிடிச்சு அடைச்சா பிள்ளையள ஆர் பாக்கிறது எண்டு. கெதியா சொல்லுங்கோ.

வன்னி நேர்ஸ்:
தங்கச்சி உடன 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும். ரத்தத்தோட காய்ச்சலும் எண்டா கருப்பைக்குள்ள மிச்சம் தங்கிக் கிருமி பிடிச்சிருக்கக்கூடும், அது ரத்தத்தில ஏறினா கிட்னியும் அடிபட்டு ஆளைக் காப்பாத்தேலாமப் போகும், பாமசியில அன்டிபயோடிக் வாங்கிக் குடுத்துப் பாத்துக்கொண்டிருக்கிற விசயம் இல்ல இது. தானாக் கலைஞ்சாலும் கலைச்சாலும் வைத்தியம் ஒண்டுதான், மிச்சத்த எடுத்து மருந்து ஏத்துவினம், அப்பிடி வாற ஆளுக்கு வைத்தியம் செய்ய எந்தச் சட்டமும் தடையில்ல. குளிசை போட்டத டொக்டரிட்ட மறைக்க வேண்டாம். உள்ளுக்க குச்சி கிச்சி ஏதும் வைச்சிருந்தா கட்டாயம் சொல்லோணும், கருப்பை ஓட்டை பட்டிருந்தா ஒப்பரேசன் தேவைப்படும்.

கிளிநொச்சியான்:
முதல்ல அவாவக் கொண்டு போங்கோ. ஆனா அவா பயப்படுறது சும்மா இல்ல. 1883ல வெள்ளைக்காரன் போட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, 303ம் பிரிவு, தாயின்ர உயிரக் காப்பாத்த மட்டும்தான் கலைக்கலாம், இல்லாட்டி 3 வருசம் வரைக்கும் மறியல், பிள்ளை அசையத் தொடங்கின பிறகெண்டா 7 வருசம் வரைக்கும், தானாவே கலைச்ச பொம்பிளைக்கும் இதுதான். வன்புணர்வில தங்கின கருவுக்குக்கூட அதில விலக்கு இல்ல, 2017ல அதைக் கொண்டுவர அமைச்சரவை வரைக்கும் போய் மதத் தலைவர்மார் எதிர்க்க அப்பிடியே நிண்டுபோச்சு. தடை போட்டா கலைக்கிறது நிண்டிடுமோ? ருமேனியாவில 1966ல தடுத்தாங்கள், தாய்மார் சாவு ஏறினது, 1989 முடிவில தடைய எடுக்க மளமளவெண்டு இறங்கினது. காசுள்ளவைக்கு வழி கிடைக்கும், சண்டைக்குப் பிறகு குடும்பத்தத் தனியச் சுமக்கிற எங்கட பொம்பிளையள்தான் பேர் தெரியாக் குளிசைய விழுங்கிப்போட்டு வீட்டுக்குள்ள ஒளிச்சுக் கிடக்கினம், அந்தப் பயத்தில போற நேரம்தான் ஆளைக் கொல்லுது.

மல்லாவிப்பிள்ளை:
அம்புலன்ஸில ஏத்தியாச்சு, நானும் கூடப் போறன். பிள்ளையள் எங்கட அம்மாவோட.

வன்னி நேர்ஸ்:
நல்லது தங்கச்சி. துண்டு வெட்ட முதல் குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கேக்கச் சொல்லுங்கோ, மாதவிலக்கு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், ரெண்டு கிழமையிலயே திரும்பத் தங்கலாம். வாட்டில கேக்க வெக்கமெண்டா உங்கட பகுதி மிட்வைப்பிட்ட சொல்லலாம்.