1964 சி.ஜே.3பி ஜீப்: பெட்ரோல் எஞ்சினுக்குத் திரும்புவதா, டீசலிலேயே விடுவதா?

ஏலத்தோட்டத்து மகள்:

வணக்கம். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், தகரக் கொட்டகைக்குக் கீழே பதினோரு ஆண்டுகளாக நிற்கும் 1964ஆம் ஆண்டு மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பை மறுபடியும் ஓட வைக்க முடிவு செய்திருக்கிறேன். அப்பா அதை 1978இல் ஒரு தோட்ட உரிமையாளரிடமிருந்து வாங்கினார். விடியற்காலையில் ஆட்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய், மாலையில் ஏலக்காய் மூட்டைகளுடன் இறங்கி வருவதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வண்டி செய்தது. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள கைப்பிடியில், வளைவுகளில் அம்மா இறுகப் பற்றிக்கொள்ளும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரியும்.

வண்டியோடு வந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினை அப்பா 1989இல் இறக்கிவிட்டு, பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினைப் பொருத்தினார். ஆர்.சி. புத்தகத்திலும் அதை முறைப்படி பதிந்திருக்கிறார். பழைய எஞ்சின் சாக்கில் சுற்றியபடி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினைத் திரும்பப் பொருத்துவதா, டீசலையே வைத்துக்கொள்வதா, வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பவை என் கேள்விகள். அப்பாவுக்கு இப்போது 76 வயது; ஒருமுறையாவது அந்த ஜீப்பில் மேலே போக வேண்டும் என்கிறார்.

கம்பம் பட்டறை:

அம்மா, எஞ்சினைப் பற்றிய முடிவைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பட்டறை நடத்தியவன். பளபளப்பாகப் பெயின்ட் அடித்து, ஒரே மழைக்காலத்தில் அடித்தட்டு உளுத்துப் போன ஜீப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடியைத் தூக்கி, அடிச்சட்டமான சேஸிஸைத் தனியாக வைத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். பின்பக்கத்தில் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடத்திலும், முன் குறுக்குச் சட்டத்திலும் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்துவிட்டு, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது ஸ்டியரிங். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்கட்டும்; நீங்கள் அடியில் படுத்து, முன் குறுக்குச் சட்டத்தில் இருக்கும், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்கிராங்கைக் கவனியுங்கள். சக்கரம் திரும்புவதற்கு முன் அது தன் முளையிலேயே ஆடினால், மலைப்பாதையில் முன்சக்கரங்கள் உதறுவதற்கு அதுவே போதும். கியர்பாக்ஸில் எண்ணெய் குறைந்து, பின்னால் ஒட்டியிருக்கும், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் கூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது என்று பொருள். இந்த மாடலில் இது வழக்கமான குறைதான்; பயப்பட வேண்டாம்.

உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையை நம்பலாம். ஆனால் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்குங்கள்.

ஆர்.சி. புத்தகம்:

சேஸிஸில் கிரைண்டர் வைப்பதற்கு முன், எண் பொறித்த இடத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்; படமும் எடுத்து வையுங்கள். துருவோடு சேர்ந்து ஓர் இலக்கம் அழிந்தாலும், பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கம் சொல்லி மாளாது.

எஞ்சின் விஷயத்தில் விதி இதுதான். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். டீசல் எஞ்சினோடு உங்கள் வண்டி அந்த வகையில் வருவது கடினம். பெட்ரோல் எஞ்சினுக்குத் திரும்பி அப்படிப் பதிந்தாலும், கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி கிடையாது. அப்பாவை நினைத்தபோதெல்லாம் மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றால், இப்போதுள்ள பதிவைத் தகுதிச் சான்றான எப்.சி.யைக் காட்டிப் புதுப்பிப்பதே மேல். எஞ்சினை மாற்றினால் முன் அனுமதி பெற்று, ஆர்.சி.யிலும் மீண்டும் பதிய வேண்டும்.

மூணாறு மூடுபனி:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனாலும் பெட்ரோலுக்காக நான் வாதாடியே ஆக வேண்டும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்கில் இருந்தன. ஹரிக்கேனில் எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளை மேலே, எஞ்சினின் மூடியான ஹெட்டுக்குக் கொண்டுபோனதால் எஞ்சின் உயரம் கூடிவிட்டது. அதற்கு இடம் கொடுக்கத்தான் சி.ஜே.3பி.யின் பானெட்டை அவ்வளவு உயர்த்தினார்கள். அந்த வண்டியின் முகமே அந்த எஞ்சினால் வந்தது. அந்தப் பானெட்டைத் திறந்து உள்ளே வேறு எஞ்சினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

எஸ்டேட்டில் என் சித்தப்பா ஓட்டிய ஜீப்பில்தான் நான் ஓட்டக் கற்றேன். மூன்று கியர்தான், கியர் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ முதல் கியரில் கிடையாது. ஏற்றத்தில் வேகம் செத்துப்போனால், கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, பற்கள் உரசாமல் முதல் கியருக்கு இறக்க வேண்டும். சத்தமில்லாமல் விழுந்த நாளில் சித்தப்பா எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் அசைப்பார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

பெட்ரோலுக்குத் திரும்பினால் எரிபொருள் பம்பின் டயாஃப்ரம், ரப்பர் குழாய்கள், கார்புரேட்டர் கேஸ்கட்டுகள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது.

ஏலத்தோட்டத்து மகள்:

மூவருக்கும் நன்றி. மூணாறு ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1989இல் அந்த எஞ்சினை இறக்கிய அன்று தனக்குச் சோறு இறங்கவில்லை என்றார். ஒரு நாளைக்கு இரண்டு நடை ஏறினால் பெட்ரோலுக்கே வாடகையில் பாதி போய்விட்டதாம். டீசல் போட்ட பிறகுதான் எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணத்தையும் தவணை தவறாமல் கட்ட முடிந்ததாம். இதைக் கேட்ட பிறகு டீசல் எஞ்சினை இறக்க எனக்கு மனம் வரவில்லை. வண்டி அதோடுதான் மலை ஏறும். ஹரிக்கேன் எஞ்சினைத் தனியாகச் சீர்செய்து, ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி ஓட வைக்கப் போகிறேன். அது இறுகிக் கிடந்தது. பிளக் துளைகளில் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்ததில், நான்காம் நாள் கால் சுற்று அசைந்தது.

சேஸிஸ் எண்ணுக்குப் பென்சில் அச்சு எடுத்தாகிவிட்டது. பட்டறை ஐயா, நீங்கள் சொன்னபடியே பெல்கிராங்க் ஆடுகிறது. லேத்தில் கொடுத்து, அதன் முளைக்கு உறையாகப் புஷ் கடைந்து போட்டால் மலைப்பாதைக்குத் தாங்குமா, முழுதாக மாற்றிவிடுவது நல்லதா?