ஹை லைன் பூங்கா: முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துச் செல்லலாமா?

செம்பனார்கோயில் வாசகர்:
வரும் அக்டோபரில் 78 வயதான என் தாயாருடன் நியூயார்க்கிலுள்ள தம்பி வீட்டுக்குச் செல்கிறேன். பழைய சரக்கு ரயில் பாலத்தின் மேல் அமைந்துள்ள ஹை லைன் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலில் பள்ளிக்குப் போய் வந்தவர் என்பதாலும், 1986இல் அந்தப் பாதை மூடப்பட்டதை இன்றும் வருத்தத்துடன் சொல்பவர் என்பதாலும், ரயில் நின்றுபோன பாதையை வேறோர் ஊர் எப்படிக் காப்பாற்றியது என்று நேரில் காண ஆசைப்படுகிறார். அவரால் படி ஏற இயலாது. எங்கே தொடங்குவது நல்லது?

கும்பகோணத்து அன்பர்:
தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஐயா. நுழைவுக் கட்டணம் கிடையாது. பூங்காவின் நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர், முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. 14, 23, 30ஆம் தெருக்களில் மின்தூக்கி உண்டு. 14இல் ஏறி 23இல் இறங்கினால் போதும். வடகோடியில் நிழல் மிகக் குறைவு. இடையில் 17ஆம் தெரு அருகே, கண்ணாடி வழியாகக் கீழே ஓடும் வண்டிகளைப் பார்த்தபடி அமரும் இடம் இருக்கிறது. அங்கே அம்மா சற்று இளைப்பாறட்டும்.

பாலம் எழுந்த காரணத்தையும் அவரிடம் சொல்லுங்கள். தெரு மட்டத்தில் ஓடிய சரக்கு ரயில்களில் அடிபட்டு ஏராளமானோர் இறந்ததால் அந்தச் சாலைக்குச் சாவுச் சாலை என்றே பெயர் வந்தது. ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஆள் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1934இல் ரயிலை மேலே ஏற்றினார்கள். லாரிப் போக்குவரத்து பெருகியதும் சரக்கு குறைந்து, 1980இல் கடைசி ரயில் ஓடியது.

திருவாரூர் தோட்டக்காரர்:
செடிகளை நிதானமாகப் பாருங்கள். கைவிடப்பட்ட பாதையில் தாமாக முளைத்த புல்லும் புதரும்தான் இந்தப் பூங்காவுக்கு முன்மாதிரி. பாலத்தை இடிக்கவிடாமல் 1999இல் குடியிருப்பாளர்கள் தொடங்கிய முயற்சியால் 2009இல் முதல் பகுதி திறக்கப்பட்டது. நடவைத் திட்டமிட்ட பீட் அவுடால்ஃப், பூ உதிர்ந்த பின்னும் அழகு குறையாத புல்வகைகளைத் தேர்ந்தெடுத்தார். காய்ந்த தண்டுகளைக் குளிர்காலம் முழுவதும் விட்டுவைத்து, வசந்தம் தொடங்கும்போதுதான் வெட்டுகிறார்கள். பழைய தண்டவாளங்களில் பலவற்றைச் செடிகளுக்கு நடுவே மீண்டும் பதித்திருக்கிறார்கள். தரங்கம்பாடிப் பாதையையும் இப்படி நடைபாதையாக்கினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பொறையாறு நண்பர்:
அதை ஏற்க இயலவில்லை. அங்கே ரயிலுக்குத் தேவையே அற்றுப்போன பிறகு பூங்கா வந்தது. இங்கே திருக்கடையூருக்கு வருவோரும் கல்லூரி மாணவர்களும் இன்றும் பேருந்தில் நெரிசல்படுகிறார்கள். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதையில் 2023இல் மீண்டும் ரயில் வந்ததே! நமக்கும் ரயில்தான் வர வேண்டும்.

செம்பனார்கோயில் வாசகர்:
அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 14இல் ஏறி 23இல் இறங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். புல்லுக்கு நடுவே கிடக்கும் அந்தத் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் நம் ஊர்ப் பாதை என்று வரும்போது அவர் பொறையாறு நண்பரின் பக்கம்தான்.