உயிரோடு இருந்த நத்தைக்கு 27,000 வயதாம்!

தெஹிவளை_ஆனி:
வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்த நற்செய்திக் கூட்டத்தின் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிரசங்கியார் சொல்வது இதுதான்: உயிரோடு இருந்த நத்தையின் ஓட்டை விஞ்ஞானிகள் காபன் சோதனைக்கு அனுப்பினார்களாம், 27,000 வருஷப் பழசு என்று முடிவு வந்ததாம். ஆகவே நூதனசாலையில் பலாங்கொடை மனிதனுக்கு, அதாவது இலங்கையின் ஆதிமனிதனுக்கு, சொல்கிற வயது பொய், பூமிக்கு ஆறாயிரம் வயதுதான். மண்டபமே கைதட்டுகிறது. நானும் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள்தான், மெதடிஸ்ட். அதனால்தான் எரிச்சல் கூட. வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், அப்ப எங்கட புத்தகத்தில இருக்கிறது பொய்யா?" என்று கேட்கிறது. பூமிக்கு வயது கூடினால் இயேசு கோபித்துக்கொள்வாரா என்ன?

ஜெபவீரன்:
அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். சகோதரி, சுற்றி வளைக்க வேண்டாம். நத்தை விஷயம் உண்மையா, பொய்யா? ஒரு சொல்லில் பதில் போதும்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
ஆனி மிஸ், இவர்களுக்குப் பதில் எழுதிக் கைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். இருந்தாலும் எழுதுகிறேன்.

நத்தை விஷயம் உண்மை. 1984இல் சயன்ஸ் சஞ்சிகையில் ரிக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்டது. அமெரிக்காவில், நெவாடாவின் தென்பகுதியிலுள்ள ஊற்றுகளில் வாழும் நத்தைகள். பிரசங்கியார் ஏதோ ரகசியத்தை உடைத்த மாதிரிப் பேசுகிறார். உடைக்க அங்கே ரகசியமே இல்லை. அந்தக் கட்டுரை வந்ததே நத்தை ஓட்டில் காபன்-14 ஏன் குறைகிறது என்று காட்டத்தான்.

காபன்-14 வானத்தில் உண்டாகிறது. அண்டக் கதிர் நைதரசனில் மோதி உருவாகும். காற்றிலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து விலங்குக்கு. உயிர் போனதும் வரவு நின்றுவிடும், 5,730 ஆண்டுக்கு ஒரு தரம் பாதியாகிக்கொண்டே போகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்துதான் வயது சொல்வது. ஆனால் அந்த ஊற்று நத்தை ஓடு கட்டுவது காற்றிலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்து. அந்தத் தண்ணீர் கோடிக்கணக்கான ஆண்டு பழைய சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கல்லில் காபன்-14 எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆகவே நத்தை பிறக்கும்போதே ஓட்டுக்குக் கிழட்டுக் கணக்கு.

இன்னும் விளங்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து அடியில் வெள்ளையாகத் தடித்துப் போயிருக்கும், கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அதுதான் கரைந்து வந்த சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரில் வளரும் நத்தையையும் காபன் சோதனைக்கு அனுப்பினால் இப்படித்தான் தாறுமாறாக வரும்.

ஜெபவீரன்:
ஆக, நத்தை விஷயம் உண்மை. நன்றி சேர்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
மற்றதெல்லாம் கண்ணில் படவில்லையா தம்பி?

ஜெபவீரன்:
பட்டது. "தாறுமாறாக வரும்" என்று நீங்களே எழுதியதும் பட்டது. நத்தைக்குத் தாறுமாறு, பலாங்கொடை மனிதனுக்கு மட்டும் நேர்த்தி. யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

சிவசம்பு_பம்பலப்பிட்டி:
கிறிஸ்தவர்கள் ஆறாயிரமா அறுபதாயிரமா என்று அடித்துக்கொள்ளுங்கள். எங்கட புராணத்தில் கலியுகம் மட்டுமே 4,32,000 வருஷம். பிரமாவின் ஒரு பகல் 432 கோடி. உங்கட விஞ்ஞானம் இன்றைக்குப் பூமிக்கு 454 கோடி என்கிறது. எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது பாருங்கள். சும்மா சொன்னேன்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
சிவசம்பு அண்ணை, 22 கோடி வருஷம் உங்களுக்குச் சில்லறைக் காசா? அது பிரமாவின் ஒரு பகல், பூமியின் வயது இல்லை. இரவையும் சேர்த்தால் 864. எந்த எண் பொருந்துகிறதோ அதைத் தூக்கிக் காட்டுவதைத்தான் அந்தப் பிரசங்கியாரும் செய்கிறார். அவர் மைக்கில் செய்கிறார், நீங்கள் இங்கே செய்கிறீர்கள்.

454 கோடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1956இல் கிளேர் பற்றர்சன் விண்கற்களில் ஈயத்தின் அளவைப் பார்த்து 455 கோடி என்று சொன்னார். அதற்குப் பிறகு எவ்வளவோ பேர் அளந்தார்கள், அந்த எண் பெரிதாக அசையவில்லை. காபனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. காபன் எட்டுவது ஏறக்குறைய 50,000 ஆண்டுவரைதான். பூமியின் வயதைக் காபனில் எவரும் பார்ப்பதில்லை, நத்தையை வைத்து அதை உடைக்கவும் ஏலாது.

ஜெபவீரன்:
50,000 வரைதான் எட்டும் என்கிறீர்கள். பாஹியங்கல குகையில் எலும்பு அம்புமுனைக்கு 48,000 என்று 2020இல் போட்டார்களே, பத்திரிகையில் வந்ததே. சரியாக எல்லைக்கு இரண்டாயிரம் முன்னால் வந்து நிற்கிறது. எவ்வளவு வசதி! அதோடு அந்தக் காலத்து மனிதர் நத்தை தின்றார்கள், குகைகளில் நத்தை ஓடு குவியலாகக் கிடக்கிறது என்றும் படித்தேன். மீண்டும் நத்தை!

வட்டுக்கோட்டை_வாரிசு:
ஒரு நிமிஷம். நெவாடாத் தண்ணீர் பற்றிய கதையில் யாழ்ப்பாணத்துக் கேத்தல் எதற்கு? கொழும்பில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு எங்கட கிணறு என்றால் எப்போதும் இளக்காரம். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இந்த நாட்டுக்கு டொக்டர்களும் எஞ்சினியர்களும் வந்தார்கள்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
கிணற்றை யார் ஐயா குறை சொன்னது? சுண்ணாம்புக்கல் தரை என்று சொன்னேன். அது புவியியல்.

வட்டுக்கோட்டை_வாரிசு:
"தாறுமாறு" என்றீர்கள்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
நத்தையை! ஜெபவீரன் தம்பிக்கு: குகையில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை காட்டு நத்தைகள், மரத்தில் ஏறுபவை. நெவாடா ஊற்று நத்தைகள் அல்ல. அதைவிட முக்கியம், நம் குகைகளில் காலம் கணித்தது பெரும்பாலும் அடுப்புக் கரியில். கரி என்றால் எரிந்த மரம். மரம் காபனை எடுப்பது காற்றிலிருந்து, சுண்ணாம்புத் தண்ணீரிலிருந்து அல்ல. ஜேர்மனியில் ஓக், பைன் மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஆண்டு ஆண்டாக 12,000க்கு மேல் எண்ணி, அதோடு காபனை ஒப்பிட்டிருக்கிறார்கள். காபனை விடுங்கள், வளையம் எண்ணினாலே உங்கள் ஆறாயிரம் இரண்டு தரம் முடிந்துவிடும்.

ஜெபவீரன்:
ஒரு வருஷத்தில் இரண்டு வளையம் வராதா?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
சில மரத்தில் வரும். ஓக்கில் அப்படி வருவது மிக அரிது, அதனால்தான் அதைத் தெரிந்தெடுத்தார்கள்.

ஜெபவீரன்:
"சில மரத்தில் வரும்." குறித்துக்கொண்டேன். நத்தை உண்மை, வளையமும் உண்மை. சேர் எங்கள் பக்கம் வேகமாக வருகிறார்.

தெஹிவளை_ஆனி:
நான் கேட்டது பிள்ளைக்கு என்ன சொல்வது என்று.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
மிஸ், பிள்ளையைச் செட்டியார் தெரு நகைக்கடைக்குக் கூட்டிப்போங்கள். மாத்தறை வைரம் என்று நிறமில்லாத ஒரு கல்லைக் காட்டுவார்கள். அது வைரமே இல்லை, சேர்க்கன் (zircon) என்ற வேறு கனிமம். அந்தக் கல் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை அனேகமாகச் சேர்க்காது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அளந்தால் வயது. நம் நாட்டுச் சேர்க்கன்களுக்கு ஏறக்குறைய 55 கோடி ஆண்டு. வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் தங்கள் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவே இலங்கைச் சேர்க்கனை வைத்திருக்கின்றன. இங்கே அதை மோதிரத்தில் பதித்துக்கொண்டு போய், பூமிக்கு ஆறாயிரம் வயது என்று கைதட்டுகிறோம்.

ஆறாயிரமும் வேதத்தில் எழுதியிருக்கிற எண் அல்ல. அயர்லாந்து ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு, கி.மு. 4004 என்று எழுதினார். பிற்பாடு அது ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அச்சாகி, ஓரத்தில் இருந்தது உள்ளே இருந்ததுபோல் ஆகிவிட்டது. எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தில் பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவரே ஒரு குருவானவர், பெல்ஜியத்து ஜோர்ஜ் லெமேத்ர், 1927இல். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் அதைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது சந்தோஷப்படாதவரும் அதே லெமேத்ர்தான். விசுவாசத்தையும் அளவுகோலையும் குழப்பக்கூடாது என்பது அவர் கட்சி.

ஜெபவீரன்:
"எங்கள் பக்கம்" என்று வந்துவிட்டீர்கள், நல்லது. கலிலியோவை 1633இல் முழந்தாளிட வைத்தது எந்தப் பக்கம்? பிழை என்று ஒப்புக்கொள்ள 1992 ஆனது. 359 வருஷம்! அந்தச் சபை எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறது. வேதத்தில் ஏழு புத்தகம் கூட வைத்திருப்பவர்களிடம் எண்ணிக்கை கேட்டதும் எங்கள் தப்புத்தான்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
ஏழைக் கூட்டினோமா, நீங்கள் கழித்தீர்களா என்று லூதரைக் கேளுங்கள். நத்தையை விட்டு இறங்கிவிட்டீர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

ஜெபவீரன்:
இறங்கவில்லை. டைனோசர் எலும்பில் மெல்லிய திசு இருந்தது, 2005இல் மேரி ஷ்வைட்சர் கண்டுபிடித்தார். 6 கோடி 80 லட்சம் வருஷம் திசு கெடாமல் இருக்குமா? இதற்கும் கேத்தல் உதாரணம் உண்டா?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
ஷ்வைட்சர் அம்மையார் உங்களைப் போல விசுவாசி. அவரே அந்த எலும்பின் வயதை மறுக்கவில்லை. இளம் பூமிக்காரர்கள் தன் ஆய்வைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விரும்பாதவர். இரும்பு எப்படித் திசுவைக் காத்திருக்கும் என்று ஆராய்ந்ததும் அவர் குழுதான். பெயரை எடுக்கிறீர்கள், அவர் சொன்னதை விட்டுவிடுகிறீர்கள். நத்தையிலும் அதே வேலை.

வட்டுக்கோட்டை_வாரிசு:
விஞ்ஞானத்தை எங்களுக்குக் கொண்டுவந்ததே மிஷன்தான் என்பதை ஒருவரும் சொல்லக் காணோம். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி. அமெரிக்க மிஷனரி டானியல் பூர் கிரகண நேரத்தை வைத்துப் பஞ்சாங்கக்காரரோடு வாதாடினார். மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அவர்கள் வேதத்தை விட்டவர்களா? கொழும்பில் அப்போது என்ன இருந்தது?

சிவசம்பு_பம்பலப்பிட்டி:
பஞ்சாங்கத்தைக் கேலி பண்ணி ஆள் பிடித்த கதையை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். கிரகணம் வருகிறது என்று பஞ்சாங்கமும் சொன்னதுதான். சில நிமிஷ வித்தியாசத்துக்கு ஒரு சமயத்தையே விற்கச் சொன்னார்கள்.

வட்டுக்கோட்டை_வாரிசு:
பள்ளிக்கூடம் கட்டினார்கள். நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் அண்ணை?

சிவசம்பு_பம்பலப்பிட்டி:
அது இங்கே தேவையில்லை.

வட்டுக்கோட்டை_வாரிசு:
ஹா.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
பூர் பாதிரியார் இன்றைக்கு வெள்ளவத்தைக் கூட்டத்துக்கு வந்தால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள், தொலைநோக்கியோடு வந்தார் என்று. புனித அகுஸ்தினார் 1,600 வருஷத்துக்கு முன்னமே எழுதினார்: வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிக்கே தெரிந்த விஷயத்தில் கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி உளறினால், கேட்பவன் சிரிப்பான், பிறகு உயிர்ப்பைப் பற்றிச் சொன்னாலும் நம்பமாட்டான். அந்த மண்டபத்தில் அதுதான் நடந்தது, ஒலிபெருக்கியோடு.

ஜெபவீரன்:
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நோவாவைப் பார்த்தும் சிரித்தார்கள். மாஸ்டர் எவ்வளவு எழுதினாலும் முதல் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் "உண்மை". அதைப் படம் பிடித்து எங்கள் குழுவில் போட்டாயிற்று.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
முழுப் பதிலையும் போட்டீர்களா?

ஜெபவீரன்:
முதல் வரி போதும்.

தெஹிவளை_ஆனி:
இதுதான் தம்பி, இதற்குத்தான் எரிச்சல் வருகிறது. அரை வரியை வெட்டி எடுத்துப் போடுவது சாட்சி சொல்வதா?

ஜெபவீரன்:
அக்கா, நீங்கள் மெதடிஸ்ட். உங்கள் சபையில் எதற்கும் கோபம் வராது என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
தம்பி, எழுத்து நடையைப் பார்த்தால் எங்கேயோ கண்ட ஆள் போல இருக்கிறது. "குறித்துக்கொண்டேன்" என்று கடைசி வாங்கிலிருந்து சொல்லும் ஒரு பையன் என் உயிரியல் வகுப்பில் இருந்தான். குறிப்பு மட்டும் எடுக்கமாட்டான்.

ஜெபவீரன்:
நான்தான் சேர். குறிப்பு எடுக்க நீங்கள் எழுதியிருக்க வேண்டுமே. பாதி நேரம் அரசியல் கதை. கூர்ப்பு (பரிணாமம்) பாடத்துக்கு வந்தபோது பரீட்சைக்கு நாள் இல்லை, "வீட்டில் பாருங்கள்" என்று விட்டீர்கள். வீட்டில் பார்த்தேன். பார்த்ததன் விளைவுதான் இது.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
பாடத்திட்டத்தை நான் முடிக்காத வருஷமே கிடையாது! உனக்கு அந்த முறை கெமிஸ்ட்ரியும் போனதே, அதையும் நானா படிப்பித்தேன்?

ஜெபவீரன்:
கெமிஸ்ட்ரி படிப்பித்தவர் கட்டணத்தையாவது மாத முடிவில் வாங்கினார். நீங்கள் முதல் வாரமே வாங்கினீர்கள்.

சிவசம்பு_பம்பலப்பிட்டி:
இது நத்தையை விட நல்லாய் இருக்கிறது. தொடருங்கள்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
முதல் வாரம் வாங்காவிட்டால் உன்னைப் போன்றவர்கள் மூன்றாம் வாரம் வகுப்பையே மாற்றிவிடுவீர்கள். ரசீதுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கூர்ப்புக்கு இரண்டு ஞாயிறு வைத்தேன். நீ சபைக்குப் போய்விட்டாய்.

ஜெபவீரன்:
ஞாயிறு காலையில் வகுப்பு வைத்தது யார் சேர்? நீங்கள் சனி பின்னேரப் பூசைக்குப் போய்விடுவீர்கள், எங்களுக்கு அந்த வசதி இல்லை.

வட்டுக்கோட்டை_வாரிசு:
கேத்தல் விஷயத்துக்கு இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.