ஹாம்சனின் 'நிலவளம்': மகளிடம் கொடுக்கலாமா?

நிலவன் (கேள்வி):
க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' நாவலைக் கல்லூரி நாட்களில் வாசித்தேன். ஈசாக் தனியாளாகக் காட்டைத் திருத்திக் கழனியாக்கும் பக்கங்கள் இன்றும் மனத்தில் நிற்கின்றன. அந்த நாவலுக்காக 1920-இல் நோபல் பரிசு பெற்ற நார்வே எழுத்தாளர் நுட் ஹாம்சன், 1943-இல் தம் பதக்கத்தை நாஜி அமைச்சர் கோயபல்சுக்கே அளித்துவிட்டார் என்பதையும், 1945 மே 7 அன்று ஹிட்லருக்கு நாளிதழில் புகழஞ்சலி எழுதினார் என்பதையும் அண்மையில்தான் அறிந்தேன். மகளுக்கென்று எடுத்து வைத்த புத்தகம் மேசையிலேயே கிடக்கிறது. கொடுக்கலாமா?

திணைமாலை:
தாராளமாகக் கொடுங்கள். போலந்தில் பிறந்த யூதரும் இத்திஷ் மொழி எழுத்தாளருமான ஐசக் பாஷவிஸ் சிங்கர், இளமையில் ஹாம்சனை மொழிபெயர்த்தவர். நாஜிகள் தம் இனத்தையே அழித்த பின்பும், நவீனப் புனைகதைக்கு ஹாம்சனே மூலவர் என்று எழுதினார். எழுத்து வேறு, ஆள் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுகரை:
சிங்கரின் பெருந்தன்மை அவருடையது. அதை நாம் கடன் வாங்க முடியாது. ஹாம்சன் வயோதிகத்தால் தடுமாறிவிட்டார் என்ற சமாதானமும் நிற்காது. மனத்திறன் நிரந்தரமாகத் தளர்ந்தவர் என்று மருத்துவர்கள் சான்றளித்ததால் தேசத்துரோக வழக்கிலிருந்து தப்பி, 1948-இல் 3,25,000 குரோனர் அபராதத்தோடு விடுபட்ட அவர், மறு ஆண்டே, தொண்ணூறு வயதில், தெளிவான நடையில் தம் தரப்பைப் புத்தகமாக வெளியிட்டார். மேலும், எழுத்து வேறு, ஆள் வேறு என்று இந்த நாவலைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. கருவுற்றவள் முயலைக் கண்டால் பிள்ளை பிளந்த உதட்டோடு பிறக்கும் என்பது அங்கே நம்பிக்கை. கருவுற்றிருக்கும் ஈசாக்கின் மனைவி இங்கரிடம் முயலைக் காட்டி அஞ்சவைக்கும் ஆள் யார் என்று கவனியுங்கள்: நார்வேயின் வடபுலப் பூர்வகுடிகளான சாமி மக்களில் ஒருவன். அந்த மக்கள் இந்த நாவலில் வரும்போதெல்லாம், மண்ணை உழுபவனே மனிதன், அலைந்து திரிபவன் இழிந்தவன் என்ற தொனி கேட்கிறது. பதக்கத்தைக் கொடுத்த கை அங்கேயே தெரிகிறது.

வடதுருவம்:
நார்வேக்காரர்களும் இதைத் தீர்த்துக்கொள்ளவில்லை. 2009-இல் அவரது 150-ஆம் பிறந்த ஆண்டைக் கொண்டாடி, அவர் வளர்ந்த ஹாமரோயில் நினைவு மையமும் திறந்தார்கள். கூடவே சண்டையும் போட்டார்கள்.

நிலவன்:
முயல் வரும் அத்தியாயத்தை நேற்றிரவு மீண்டும் வாசித்தேன். இருபது வயதில் வெறும் மூடநம்பிக்கைக் காட்சியென்று கடந்துபோயிருக்கிறேன். காடு திருத்தும் பக்கங்கள் மட்டும், எரிச்சலூட்டும் அளவுக்கு, இன்னும் அழகாகவே இருக்கின்றன. புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டேன். பதக்கக் கதையை அவள் முடித்த பிறகு சொல்வதாக இருக்கிறேன்.