பொட்டலில் விரிந்த விசிறி

மதுரையை அடுத்த நாகமலைப் பக்கத்திலிருந்து ஒருவர்:

சித்திரை மாதக் காலை ஒன்றில், நாகமலை அடிவாரத்துப் புறம்போக்கு நிலத்தில் வேம்பும் புங்கனும் நடுவதற்குக் குழி குறிக்க நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். செம்மண்ணும் சரளையும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சூரைப் புதர்களும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தப் பொட்டலில், சிறு கல் ஒன்றின் மேல் மண்ணின் நிறத்திலேயே ஓர் ஓணான் நிமிர்ந்து நின்றது. வால் நீங்கலாகச் சுண்டுவிரல் அளவே இருந்ததால் கரட்டாண்டிக் குஞ்சு என்றே எண்ணினேன். அடுத்த கணம் அதன் தொண்டைக்குக் கீழே வெண்ணிறத் தோல் பனையோலை விசிறிபோல் விரிந்தது. அதில் நீலக் கோடும் ஆரஞ்சுப் புள்ளிகளும் பளிச்சிட்டன. மடங்கிற்று, மீண்டும் விரிந்தது. பத்தடி தள்ளி வேறொரு கல்லில் இன்னொன்றும் அவ்வாறே விரித்தது.

அது விசிறித்தொண்டை ஓணான். பெண்ணை ஈர்க்கவும் பிற ஆண்களை விலக்கவும் ஆண் மட்டுமே இவ்வாறு விரிக்கும். படம் எடுத்துக்கொண்டு நெருங்கியதும், முன்னங்கால்களைத் தூக்கியபடி பின்னங்கால்களால் மட்டுமே ஓடிப் புதருக்குள் மறைந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னங்காலில் நான்கே விரல்கள். தோட்டத்து ஓணானுக்கு ஐந்து உண்டு.

சித்தானா எனும் இப்பேரினத்தைப் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1829-இல் விவரித்தார். முதலில் விவரிக்கப்பட்ட இனத்தின் பெயரில் புதுச்சேரி இருக்கிறது. 2016-இல் விவரிக்கப்பட்ட இனங்களில் ஒன்றுக்கு ‘விசிறி’ என்றும், மற்றொன்றுக்கு மருதத்தையும் நெய்தலையும் இணைத்தும் பெயரிட்டுள்ளனர். பாலையை விட்டுவிட்டார்களே என்று எனக்குச் சிறு மனக்குறை.

ஆண் ஏறி நின்று தன்னைக் காட்டிக்கொள்ளத் திறந்த வெளியும், பெண் பறித்து முட்டையிடப் பொலபொலப்பான மண்ணும் வேண்டும். நாங்கள் குழி குறித்திருந்ததோ சரியாக அந்த இடத்தில்தான். தரிசு என்று பதிவேடு சொன்னதை நாங்களும் நம்பிவிட்டோம். கன்றுகளைக் கண்மாய்க் கரைக்கு மாற்றினோம். மரம் வைப்பதைத் தடுத்தேன் என்று நண்பர் ஒருவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அரிட்டாபட்டிப் பக்கத்திலிருந்து மற்றொருவர்:

எங்கள் குன்றுகளில் இருப்பது பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு சிவந்து, விலா கறுத்துவிடும் என்பதால் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இவ்விடம் அறிவிக்கப்பட்டதில் அதற்கும் பங்குண்டு என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிறுவயதில் ஈர்க்குச் சுருக்கில் கரட்டாண்டி பிடித்தவன் நான். விசிறி ஓணான் மட்டும் ஒருமுறைகூட அகப்பட்டதில்லை. அன்று அவற்றைக் கண்ட தரிசை இப்போது சீமைக்கருவேலம் மூடிவிட்டது. சென்ற வாரம் அங்கு ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு விசிறியும் தென்படவில்லை. வெள்ளாடுகள் போய்வந்து திறந்து வைத்திருக்கும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் மட்டும் ஒரு பெண் ஓணான் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.