சாய்வுப் புலங்களின் ஹோமோடோபி: வழி நெடுகச் சாய்வாகவே இருக்க முடியுமா?

கேள்வி:
ஓரலகு வட்டத்தட்டின் மேல் இரு சார்புகளை எடுத்துக்கொண்டேன்: ஒன்று ஆரத்தின் வர்க்கம், மற்றொன்று அதன் எதிர்க்குறி. இரண்டின் சாய்வு வெக்டர் புலங்களுக்கும் டிகிரி (விளிம்பை ஒருமுறை சுற்றிவரும்போது வெக்டர் எத்தனை முறை சுழல்கிறது என்னும் எண்) 1 என்பதால், விளிம்பில் எங்கும் பூச்சியமாகாமல் ஒன்றை மற்றொன்றாகத் தொடர்ச்சியாக மாற்றலாம் (இம்மாற்றமே ஹோமோடோபி) என்று ஹோப்ஃப் தேற்றம் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு கணத்திலும் அது சாய்வுப் புலமாகவே இருக்க வேண்டும் என்றால் வழி புலப்படவில்லை. நேர்கோட்டில் கலந்தால் பாதி வழியில் புலம் முழுவதும் பூச்சியமாகிறது. வெக்டர்களை ஒரே சீராகச் சுழற்றினால் இடையில் கர்ல் (புலத்தின் சுழல் அளவு) பூச்சியமாவதில்லை; சாய்வுப் புலத்திலோ அது பூச்சியமாக வேண்டும். சமச்சீர் அணிகள் வழியே போனாலும், ஐகென் மதிப்புகள் மெய்யெண்கள் ஆதலால், பூச்சியத்தைக் கடந்தே தீர வேண்டியிருக்கிறது. சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் கான்லி குறியீடு (புலத்தின் வழியே செல்லும் பாதைகளின் போக்கைக் கொண்டு வரையறுக்கப்படுவது) வேறு என்பதால், டிகிரியைவிட நுட்பமான மாறிலி ஒன்று இங்கே தடுக்கிறதா?

மறுமொழி:
தடுக்கவில்லை. தட்டுக்குள்ளேயே எக்காலமும் தங்கும் பாதை எதுவும் விளிம்பைத் தொடாதவரைதான் கான்லி குறியீடு மாறாமல் இருக்கும். நீங்கள் கேட்பதோ விளிம்பில் புலம் பூச்சியமாகக் கூடாது என்பது மட்டுமே. எந்தப் பரிமாணப் பந்திலும், விளிம்பில் பூச்சியமாகாத இரு சாய்வுப் புலங்கள் ஹோமோடோபியால் இணைந்தால் வழி நெடுகச் சாய்வாகவே நிற்கும் ஹோமோடோபியாலும் இணையும் என்று கணிதவியலாளர் பருசின்ஸ்கி 1990இல் நிறுவினார். உங்கள் மூன்று முயற்சிகளும் நேரியல் புலங்களுக்குள்ளேயே நின்றுவிட்டன. அங்கே இடம் போதாது.

கேட்டவர்:
நன்றி. உண்டு என்று அறிவதோடு மனம் அமையவில்லை. இந்த ஒரு எடுத்துக்காட்டில் அந்த வழியைக் கண்ணால் காண முடியுமா?

மறுமொழி:
முடியும். விளிம்பை மட்டும் பாருங்கள். அங்கே சாய்வின் ஆரத் திசைக் கூற்றை விருப்பம்போல் கொடுக்கலாம். தொடுகோட்டுத் திசைக் கூற்றுக்கு உள்ள ஒரே கட்டுப்பாடு, ஒரு முழுச் சுற்றில் அதன் தொகையீடு பூச்சியமாக வேண்டும் என்பதுதான். அவ்வாறு அமைந்தால் சார்பை உள்ளே நீட்டித்துவிடலாம். வட்டத்தில் ‘அ’ என்னும் கோணத்தில் உள்ள வெக்டரின் நீளத்தை 2 என்றும், அது ஆரத்தோடு உண்டாக்கும் கோணத்தை ‘க + ச × சைன் அ’ என்றும் வையுங்கள். முதலில் க = 0; ச-வை 0இலிருந்து ஏறத்தாழ 2.4048 வரை உயர்த்துங்கள். சைன் ஒற்றைச் சார்பு ஆதலால் தொகையீடு பூச்சியமாகவே நிற்கும். அந்த எண், பூச்சிய வரிசைப் பெசல் சார்பின் முதல் மூலம். சரியாக அங்கே, க எதுவானாலும் தொகையீடு மறைந்துவிடுகிறது. எனவே க-வை 0இலிருந்து பை வரை தடையின்றித் திருப்பி, பிறகு ச-வை மீண்டும் 0க்கு இறக்கினால் பெருமத்தை அடைவீர்கள். இதில் பெசல் சார்பு வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேட்டவர்:
கணக்கிட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் நடுவில் சுழற்சிச் சமச்சீர் குலைகிறது. அதையும் காக்க வேண்டும் என்றால்?

மறுமொழி:
அப்போது உங்கள் ஐயம் மெய்யாகிறது. சமச்சீர் காக்கப்பட்டால் சார்பு விளிம்பில் மாறிலியாகும், தொடுகோட்டுக் கூறு அற்றுப்போகும்; மிஞ்சும் ஆரக் கூறு பூச்சியத்தைத் தொடாமல் குறி மாற முடியாது. வட்டக் குலத்தின் (எல்லாச் சுழற்சிகளின்) சமச்சீர் கொண்ட சாய்வுப் புலங்களுக்கென்று டான்சர் 1985இல் தனி டிகிரி ஒன்றை வரையறுத்ததற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம்.